படைநிலச் சீட்டு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள ஐயா, வணக்கம்.

படையில் சேர்ந்தவருக்கு இத்தனை ஏக்கர் நிலம் உண்டு என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்த தாள் ‘பவுண்டி லேண்ட் வாரண்ட்’. அதற்கு நீங்கள் தந்த ‘போர்வீரர் மானிய நிலம்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் பெயர் தேடுவது நிலத்துக்கு அல்ல, ஒரு தாளுக்கு. வரலாற்றைப் பார்த்தால் இந்த வேறுபாட்டை விடவே முடியாது.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் முடியும்வரை படையில் நிற்பவர்களுக்கு நிலம் தருவதாக 1776 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் அறிவித்தது. கர்னலுக்கு 500 ஏக்கர், கேப்டனுக்கு 300, சாதாரணச் சிப்பாய்க்கு 100. அன்று காங்கிரஸ் கையில் ஒரு ஏக்கர்கூடக் கிடையாது. மேற்கே இருந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடிய வர்ஜீனியா மாநிலம் தன் பங்கை விட்டுக்கொடுத்தது 1784-இல். ஓஹியோவில் இவர்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது 1796-இல். அதுவும் ஷானி, டெலவேர் முதலிய பழங்குடிகளைத் தோற்கடித்து, முந்தைய ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் எழுதி வாங்கிய மண். அதனால்தான் இன்னொரு நண்பர் சொன்ன ‘புறம்போக்கு’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. ஆளில்லாமல் கிடந்த இடம் அல்லவே அது.

இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின்னும் சிக்கல் தீரவில்லை. 1796 சட்டப்படி 4,000 ஏக்கருக்குக் குறைந்து யாரும் நிலம் எடுக்க முடியாது. 100 ஏக்கர்த் தாள் வைத்திருந்த சிப்பாய் தன்னைப்போல 39 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 100 ஏக்கர் மனைகளுக்கு 1800-இல் வழி பிறப்பதற்குள் எத்தனையோ பேர் தாளை வந்த விலைக்குத் தரகர்களிடம் தள்ளிவிட்டார்கள். நிலத்தைக் கண்ணால் பார்க்காத இவர்களை ‘மானிய நிலம் பெற்றவர்கள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கல்வெட்டுச் சொல்லான ‘உதிரப்பட்டி’யை நானும் நினைத்துப் பார்த்தேன். அதுவும் நிலத்தின் பெயர்தான், போரில் மாண்டவரின் குடும்பத்துக்கு விட்ட நிலம்.

‘நில ஆணை’ என்றால் பொருள் தவறில்லை. ஆனால் வாரண்ட், ஆணை என்றதும் நம் மக்களுக்குப் பிடியாணைதான் நினைவுக்கு வரும்.

ஆகவே ‘படைநிலச் சீட்டு’ என்று முன்வைக்கிறேன். சீட்டு என்றால் குலுக்கல் போலத் தோன்றுமே என்று அக்கா ஒருவர் கேட்டார். பிரிட்டனோடு மீண்டும் நடந்த 1812 போரில் சேர்ந்தவர்களுக்கு இல்லினாய்ஸில் ஆளுக்கு 160 ஏக்கர் எந்த இடத்தில் என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். அந்தச் சாயல் இருந்துவிட்டுப் போகட்டும்.

சீட்டுக்கு அடுத்து வரும் ‘பேடன்ட்’ என்னும் உரிமை ஆவணத்துக்கு ‘நிலப்பட்டயம்’ பொருந்தும். 1833 வரை அதில் குடியரசுத் தலைவரே கையொப்பமிட்டார். அரசன் முத்திரையிட்ட செப்புப் பட்டயத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன? இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் 1812 வீரர்கள் சீட்டை விற்க 1852 வரை சட்டத்தில் இடமில்லை, பட்டயம் கைக்கு வந்தபின் நிலத்தை விற்கலாம். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் அந்தச் சட்டமே புரியாது.

சீட்டுக்கும் பட்டயத்துக்கும் இடையில் வரும் ‘லொகேஷன்’தான் பாக்கி, அதாவது சீட்டுக்கு உரிய நிலம் இதுதான் என்று இடம் குறித்துக் கேட்பது. சியோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு நடுவே வர்ஜீனியா வீரர்களுக்கு விட்ட பகுதியில் மரத்தையும் ஓடையையும் அடையாளம் சொல்லி நிலம் கேட்டார்கள். ஒருவர் எல்லை மற்றவர் எல்லைமேல் ஏறி, வழக்குகள் பெருகின. இதற்கு ‘இடங்குறிப்பு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், வாய்வழக்கில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.