ரப்பர் தோட்டத்திலும் கடலோர மணலிலும் மேக்னடிக் லொகேட்டரைக் கொண்டு எல்லைக் கம்பியைத் தேடுவது எப்படி?

கேள்வி: குலசேகரம் அளவர்

அனைவருக்கும் வணக்கம். கல்குளம், திருவட்டாறு வட்டங்களில் தனியார் நில அளவைப் பணி செய்து வருகிறேன். பாகப்பிரிவினையின்போது சில குடும்பத்தார் தங்களுக்குள் அளந்து, பங்குகளின் மூலைகளில் இரும்புக் கம்பியை அடித்து வைத்திருப்பார்கள். காலப்போக்கில் கையாலை (எல்லை மண்சுவர்) சரிந்து, மழை மண் மூடி, கம்பி இருக்கும் இடமே தெரியாமல் போய்விடுகிறது. அவற்றைத் தேடுவதற்காகவே, மண்ணுக்குள் இருக்கும் இரும்பை ஒலியால் காட்டும் மேக்னடிக் லொகேட்டர் ஒன்றை வாங்கினேன்.

ரப்பர் தோட்டங்களில் அது நாலாபுறமும் ஒலிக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஒலி ஏறியபடியே இருந்தது; எங்கும் தணியவில்லை. மற்றோர் இடத்தில் ஏறத்தாழ ஓரடி இடைவெளியில் இரண்டு இடங்களில் ஒலி உயர்ந்தது. இரண்டிலும் தோண்டியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு நேர் மேலே ஒரே உச்சம் கேட்கும் என்றுதான் கருவியுடன் வந்த கையேடு சொல்கிறது. இவை போக, புதைந்துபோன சர்வே கல்லையும் இதனால் கண்டுபிடிக்க முடியுமா என்று நில உரிமையாளர்கள் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: தோவாளை நிலஅளவை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சர்வே கல் கருங்கல். லொகேட்டர் உணர்வதோ இரும்பையும் எஃகையும். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றைக்கூட அது உணராது. ஆகவே கல்லைத் தேடுவதற்குப் புலப்படத்தின் (அரசு நில அளவை வரைபடத்தின்) அளவுகளும், மண்ணைக் குத்திப் பார்க்கக் கடப்பாரையும்தான் துணை. இதை உரிமையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள் தம்பி. இல்லாவிட்டால் கருவி ஒலிக்காத இடத்தில் கல்லே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கருவியின் குழலுக்குள் ஏறத்தாழ அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவான காந்தப்புலத்தை உணரும்வரை ஒலி தாழ்ந்தே இருக்கும். கீழ் உணரிக்கு அருகில் இரும்பு வந்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூடி, சுருதி ஏறுகிறது. அந்த இரும்பு எல்லைக் கம்பியா, உடைந்த அரிவாளா, பழைய குதிரைலாடமா என்று அது பிரித்துச் சொல்லாது. அதனால் தேடல் கருவியிலிருந்து தொடங்கக் கூடாது. அளவிலிருந்து தொடங்க வேண்டும். நிலைத்து நிற்கும் குறைந்தது இரண்டு கற்களிலிருந்து டோட்டல் ஸ்டேஷனாலோ (கோணமும் தொலைவும் அளக்கும் கருவி) டேப்பாலோ மூலையின் இடத்தைக் குறித்து, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குள் மட்டும் லொகேட்டரை வீசிப் பாருங்கள். பங்குப் பத்திரத்தில் நீள அகலம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இப்படிச் செய்தாலே நீங்கள் சொல்லும் ஒலிகளில் பெரும்பகுதி தேடலுக்கு வெளியே போய்விடும்.

ரப்பர் தோட்டத்தில் சிரட்டையைத் தாங்கும் கம்பி வளையங்களும், பால் வழியப் பட்டையில் செருகும் தகட்டுத் துண்டுகளும் பல ஆண்டுகளாக உதிர்ந்து சருகுக்கு அடியில் கிடக்கும். உணர்திறனைக் குறைத்து வைத்து, முதலில் சருகையும் மேல் மண்ணையும் மம்மட்டியால் விலக்கிவிட்டு மறுபடியும் வீசுங்கள். மேலே கிடந்த சிறு கம்பியின் ஒலி மறைந்துவிடும் அல்லது இடம் மாறும். ஆழத்தில் உள்ள கம்பியின் ஒலி அதே இடத்தில் நிற்கும். இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கக் கருவியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே உயரத்தில் கிழக்கு மேற்காக ஒருமுறையும் வடக்கு தெற்காக ஒருமுறையும் நகர்த்திப் பார்க்க வேண்டும். கடப்பாரை, மம்மட்டி, டேப், முன்பக்கம் எஃகு வைத்த காலணி, கைக்கடிகாரம், கைப்பேசி எல்லாம் சில மீட்டர் தள்ளியே இருக்கட்டும். பைக்கை அதைவிட அதிகமாகத் தள்ளி நிறுத்துங்கள்.

பதில்: நாகர்கோவில் இயற்பியல்

ஐயா, இரண்டு உச்சங்கள் வந்த இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே கம்பி இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

இந்தக் கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் அமெரிக்க நிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பூமியின் காந்தப்புலம் தரைக்குள் செங்குத்தாகப் பாய்வதுபோல மிகவும் சாய்ந்திருக்கும். அதனால் நட்டு வைத்த கம்பி நீளவாக்கிலேயே காந்தமேறி, அதன் தலைக்கு நேர் மேலே ஒற்றை உச்சத்தைத் தரும். நம் மாவட்டமோ காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. பக்கத்தில், திருவனந்தபுரத்தை ஒட்டி உள்ள தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை அங்கிருந்து ஏவியதற்கும் இந்த அமைவிடமே காரணம். இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட படுக்கையாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கிறது. நிமிர்ந்த கம்பி அந்தப் புலத்தில் குறுக்குவாட்டில்தான் காந்தமேறும். அது வலுக் குறைந்த காந்தம். செங்குத்தாகப் பிடித்த லொகேட்டர் அத்தகைய இரும்பின் நேர் மேலே வரும்போது ஒலி தணியும். அதற்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு இடங்களில் உயரும். சிறிய இரும்புத் துண்டாக இருந்தால், கீழ் உணரிக்கும் அதற்கும் இடையிலான ஆழத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஒவ்வோர் உச்சமும் விழும்.

நீங்கள் கேட்ட இரண்டு ஒலிகளும் வடக்கு தெற்காக அமைந்திருந்தனவா என்று திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் தோண்ட வேண்டும். கிடையாகப் புதைந்த குழாயும் இரு முனைகளிலும் ஒலி எழுப்பும் என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். லொகேட்டரை அரை அடி உயர்த்திப் பிடித்து மீண்டும் வீசினால், சிறிய இரும்பின் இரண்டு உச்சங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். நீண்ட குழாயின் உச்சங்கள் அதன் முனைகளை விட்டு அவ்வளவாக நகராது.

எல்லாக் கம்பியும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சொல்ல மாட்டேன். ஆலையிலேயே நிலையான காந்தம் ஏறிவிட்ட கம்பி கையேட்டில் உள்ளபடி ஒற்றை உச்சத்தையும் தரக்கூடும். ஆனால் கையேடு கூறும் ஆழம் இங்கே முழுவதுமாகக் கிட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பதில்: மண்டைக்காடு கரையோரம்

மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் (கருமணல்), கார்னெட் ஆகிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. மணல் ஆலையில் இல்மனைட்டைப் பிரித்தெடுப்பதே காந்தப் பிரிப்பான்களைக் கொண்டுதான். எனவே லொகேட்டரும் அதை ஓரளவு உணரத்தான் செய்யும். கருமணல் திட்டாகப் படிந்த இடத்தில் ஒலி மெதுவாக ஏறி, பல அடி தூரத்துக்கு நீடித்து, மெதுவாகவே இறங்கும். கம்பியின் ஒலியோ ஓர் அடி இரண்டு அடிக்குள் சட்டென்று ஏறி இறங்கிவிடும். உணர்திறனை, திட்டின் மீது கருவி அமைதியாக இருக்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, குழலின் முனை தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி நகர்த்துங்கள். முனை ஏறி இறங்கினால் மணலே ஒலியைக் கூட்டிக் குறைத்துக் குழப்பிவிடும். மேற்கே உள்ள செம்புரைக்கல் நிலங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

கடலோரத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் கம்பி முற்றிலும் துருவாகிவிட்டால் அதன் காந்த வலு பெரும்பாலும் போய்விடும். ஒலி கேட்கவில்லை என்பதால் கம்பி வைக்கப்படவே இல்லை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். குறித்த புள்ளியில் மண்ணை மெல்லச் சீவிப் பார்த்தால் துருவின் செந்நிறக் கறை வட்டமாகத் தெரியக்கூடும்.

கம்பி வேலி ஓரமாகத் தேடும்போது கருவியைப் படுக்கையாக, வேலிக்குக் குறுக்காகப் பிடித்துக் கொண்டு வேலியை ஒட்டி மெதுவாக நடந்து பாருங்கள். வேலியால் எழும் தொடர் ஒலி ஓரிடத்தில் திடீரென்று தணிந்தால், குழலின் முனையில் உள்ள உணரிக்கு நேர் கீழே எல்லைக் கம்பி இருக்கலாம். உள்ளே கம்பி வைத்து வார்த்த சிமெண்டு வேலிக்கால்கள் நிற்கும் இடத்தில் இம்முறை அவ்வளவாகப் பயன்படாது.

கேள்வி: குலசேகரம் அளவர்

மிக்க நன்றி. அந்த இரண்டு உச்சங்களும் வடக்கு தெற்காகத்தான் இருந்தன. நடுவில் தோண்டிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கிடைத்த கம்பி புலப்பட அளவோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது? புதிதாக அடையாளம் வைக்கும்போது பிற்காலத்தில் எளிதாகக் கண்டுபிடிக்கும்படி எப்படி வைப்பது?

பதில்: தோவாளை நிலஅளவை

பொருந்தாத கம்பியைப் பிடுங்கவும் வேண்டாம், எல்லையென்று அறிவிக்கவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே அதன் தொலைவுகளை இரண்டு கற்களிலிருந்து அளந்து, வரைபடத்தில் "கண்ட இரும்பு" என்று மட்டும் குறியுங்கள். குடும்பத்தார் தங்களுக்குள் வைத்த கம்பி அவர்களுடைய உடன்பாட்டுக்குச் சான்றாகலாம். ஆனால் அரசு அளவைக் கல்லுக்கு நிகராகாது. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923 அளவைக் கற்களைப் பேணும் பொறுப்பைப் பதிவுபெற்ற நில உரிமையாளரிடமே வைத்திருக்கிறது. கல்லே காணாமல் போயிருந்தால் அதைத் திரும்ப நடுவதற்கு முறைப்படி விண்ணப்பித்து, அரசு நில அளவர் மூலமாகத்தான் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பினரையும் அழைத்து வைத்துக்கொண்டு தோண்டுங்கள். அவர்கள் இல்லாதபோது கண்டெடுத்த கம்பியை எவரும் நம்ப மாட்டார்கள்.

புதிய அடையாளத்துக்கு, இயற்பியல் நண்பர் சொன்னதை வைத்து ஒரு வழி சொல்கிறேன். பழைய ஒலிபெருக்கியில் உள்ள வட்டக் காந்தத்தைத் தட்டையாகக் கிடத்தி, துருவங்கள் மேலும் கீழுமாக இருக்கும்படி சிமெண்டில் பதித்து, அடையாளக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டால், பூமியின் புலம் எப்படி இருந்தாலும் அதன் நேர் மேலேயே உச்சம் கேட்கும். ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்கவும் செய்யாது. கம்பிதான் வைக்கப் போகிறீர்கள் என்றால், நடுவதற்கு முன் அதை வடக்கு தெற்காகக் கிடத்திச் சுத்தியலால் நன்றாகத் தட்டுங்கள். ஓரளவு நீளவாக்கில் காந்தமேறும். அரசு வைத்த அளவைக் கல்லுக்கு அடியில் மட்டும் எதையும் வைக்க முயல வேண்டாம்.

வைத்த பொருள், அதன் ஆழம், இரண்டு நிலையான கற்களிலிருந்து அதற்குள்ள தொலைவு ஆகியவற்றை உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.