"உங்களைப் பற்றி நாலு வார்த்தை" என்றதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

புது வேலையில் சேர்ந்த முதல் நாள். பதினான்கு பேரை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பெயர், பிடித்த நிறம், பொழுதுபோக்கு, உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம். (யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதே சொல்லக்கூடாது என்றுதானே!) பொழுதுபோக்கு என்ற இடத்தில் என் கை தானாகவே 'புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது' என்று எழுதிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் நண்பனின் ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதியதும் இதேதான். அதற்குப் பிறகு எத்தனையோ விண்ணப்பம், எத்தனையோ அறிமுகம், பதில் மட்டும் மாறவில்லை. உண்மையில் நான் ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்து மூன்று வருடம் இருக்கும்.

எனக்கு முன்னால் ஏழு பேர் பேசினார்கள். அதில் ஐந்து பேருக்குப் புத்தகமும் பாட்டும். ஆறாவது ஆளாக அதையே சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓடாத கடிகாரம் கிடைத்தால் பின்பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்" என்று வாயில் வந்துவிட்டது.

"ரிப்பேர் பண்ணுவீங்களா?"

"இல்ல. பார்ப்பேன், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தபோது காது சுட்டது. ஆனால் சொன்னது உண்மை. சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் பேலன்ஸ் வீல் என்ற ஆடும் சக்கரம் மணிக்கு 18,000 தடவை துடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து. ஓடாத கடிகாரத்தில் அந்தத் துடிப்பு எங்கே மாட்டிக்கொண்டு நின்றது என்று ஒவ்வொரு பல்சக்கரமாகப் பின்னால் போய்த் தேடுவதில் எனக்கு ஒரு சுகம். வீட்டில்கூட இதை யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு நாள் கழித்து, வட்டத்தில் எனக்கு எதிரே இருந்தவர், அன்று பெயரைத் தவிர ஒன்றும் பேசாதவர், என் மேசைக்கு வந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை வைத்தார். அவருடைய தாத்தாவின் கடிகாரம். "ஓடவெல்லாம் வேண்டாம். என்ன ஆச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போய் உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

*

கடிகாரக்காரரே, உங்களுக்கு முன்னால் ஏழு பேர் சொன்னது உங்கள் காதில் விழுந்ததே பெரிய விஷயம். வட்டத்தில் உட்கார்ந்தால் என் முறை வரும்வரை எனக்கு ஒன்றும் கேட்காது. சொல்லப்போவதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். வரிசையாக ஆளுக்கொரு சொல்லை வாசிக்கச் சொன்னால், தன் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்டவைதான் நினைவில் மோசமாகத் தங்குகின்றனவாம்.

எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆய்வு தேவைப்படவில்லை. இடைவேளையில் பக்கத்தில் நின்றவரிடம் "நீங்க எந்தப் பிரிவு சார்?" என்று கேட்டேன். எனக்குச் சரியாக முன்னால் பேசியவர் அவர்தான். "இவர் என்னோட டீம்லதான் வேலை பார்க்கப் போறார்" என்று என்னைக் கைகாட்டிச் சொன்னாராம்.

*

நான் ஜெர்மன் வகுப்பில் ஒரு நாய் வளர்த்தேன்.

இரண்டாம் வாரப் பாடமே அறிமுகக் கேள்விகள்தான். வீட்டில் செல்லப்பிராணி உண்டா என்று ஆசிரியர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இல்லை என்பதுதான் என் உண்மையான பதில். ஆனால் அந்த மொழியில் 'என்னிடம் நாய் இருக்கிறது' என்பது எனக்கு மனப்பாடம், 'இல்லை' என்று சொல்வதற்கான வாக்கியம் தகராறு. சரி, இருக்கிறது என்றே சொல்லிவிட்டேன். அந்த மொழியில் நாய் ஆண்பால், பூனை பெண்பால், குதிரை இரண்டிலும் சேராது. அதனால் ஆண்பாலுக்கு உரிய விகுதியைச் சரியாகப் போட்டதற்கு ஆசிரியர் பாராட்டவும் செய்தார். அங்கேதான் மாட்டினேன்.

அடுத்த வாரம் நிறங்கள். உன் நாய் என்ன நிறம்? பழுப்பு. அடுத்த வாரம் எண்கள். வயது? நான்கு. நேரம் சொல்லிப் பழகும் பாடத்தில் அதைக் காலை ஆறரைக்கு நடக்கக் கூட்டிப்போனேன். இறந்தகாலம் வந்தபோது, இதுதான் சந்தர்ப்பம், சாகடித்துவிடலாம் என்று நினைத்தேன். மனசு வரவில்லை. காலில் அடிபட்டு மருத்துவரிடம் போனதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த வகுப்பில் எல்லோருமே ஏறக்குறைய அப்படித்தான். தெரிந்த சொற்களுக்கு ஏற்ற வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு வாரம்தோறும் நீச்சல், இன்னொருவருக்கு மூன்று அக்கா. எது நிஜம் என்று யாருக்குத் தெரியும்?

கடைசி வகுப்பன்று, பக்கத்தில் உட்காரும் பெண் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் ரப்பர் பந்து. "உங்க நாய்க்கு, கால் சரியானதும்" என்றார். இன்னும் அலமாரியில் இருக்கிறது.

*

ஜெர்மன் வகுப்புக்காரரே, அந்த நாயே பொய்யாக இருந்தது உங்களுக்கு நல்லது! நண்பர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த 'என்னைப் பற்றி இருபது கேள்விகள்' ஒன்றுக்கு நான் உற்சாகமாகப் பதில் எழுதி அனுப்பினேன். முதலில் வளர்த்த பிராணியின் பெயர், படித்த முதல் பள்ளி, சின்ன வயதில் செல்லமாகக் கூப்பிட்ட பெயர். மூன்று வாரத்தில் என் மின்னஞ்சல் கணக்கு கைவிட்டுப் போனது. கடவுச்சொல் மறந்தால் கேட்கும் கேள்விகளும் அவையேதான் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போதெல்லாம் அந்த இடங்களில் பொய்தான் எழுதுகிறேன், அதையும் ஒரு தாளில் குறித்துவைத்து. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். யாரும் யூகிக்கக்கூடாது என்று பொய்ப் பதில் கொடுப்பவர்களும் ஒரே மாதிரிப் பொய்களைத்தான் கொடுக்கிறார்களாம். பொய்யிலும் நம் லட்சணம் அவ்வளவுதான்.

*

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்குக் கஷ்டமான கேள்வி, எல்லோரும் சாதாரணமாகக் கேட்பது: "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

எனக்கு ஒரு தம்பி. இறந்து இரண்டரை வருடம் ஆகிறது. அதற்கு அப்புறம் முதல்முறை ஒருவர் இதைக் கேட்டபோது பழக்கத்தில் "ஒரு தம்பி" என்றேன். அடுத்த கேள்வி வரும் என்பதை மறந்துவிட்டேன். "என்ன பண்றார்?" நான் முழித்த முழியில் அவரே பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும் அவர் மன்னிப்புக் கேட்டு, நான் பரவாயில்லை என்று சொல்லி, கடைசியில் அவரை நான் தேற்றவேண்டியதாயிற்று.

இது வேண்டாம் என்று அடுத்தமுறை "யாரும் இல்ல, நான் மட்டும்தான்" என்றேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எவ்வளவு சுலபம்! ஆனால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இருபத்தாறு வருடம் என் கூடவே வளர்ந்தவனை, ஒரு அறிமுகத்தின் வசதிக்காக, நானே பிறக்காதவன் ஆக்கிவிட்டேன். ராத்திரி அவன் படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அப்புறம் ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன். "ஒரு தம்பி இருந்தான்." அவ்வளவுதான். கேட்பவருக்கு ஒரு கணம் ஆகும், பிறகு புரிந்துவிடும். மேலே கேட்பதும் விடுவதும் அவர் இஷ்டம். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

போன மாதம் ஒரு நீண்ட ரயில் பயணம். எதிர் இருக்கையில் இருந்த வயதான அம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் வெளியே பார்த்தார். அப்புறம் திரும்பி, "எப்படிப்பட்ட பையன்மா?" என்றார்.

இரண்டரை வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எப்படி இறந்தான், எப்போது, எத்தனை வயது, இதெல்லாம் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். விசிலடிக்க வராது, ஆனாலும் குளிக்கும்போதெல்லாம் அடிப்பான். கடன் வாங்கினால் திருப்பித் தரமாட்டான், ஆனால் எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருப்பான். அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் இறங்கவேண்டிய நிலையம் வந்தபோது நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.

*

மேலே இருப்பதைப் படித்துவிட்டு இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்தான். அந்த அம்மா கேட்டதுபோல, சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்து ஒன்று கேட்பதைப் பற்றி ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் எழுதியிருக்கிறார்கள். அப்படித் தொடர்ந்து கேட்பவர்களைத்தான் எதிரில் இருப்பவர்களுக்கு அதிகம் பிடிக்கிறதாம். அவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

என் அனுபவம் வேறு மாதிரி. ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1997இல் வெளியிட்ட 36 கேள்விகள் உண்டு. முன்பின் தெரியாத இருவர் முக்கால் மணிநேரத்தில் நெருக்கமாகிறார்களா என்று பார்ப்பதற்காக, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று கட்டம். போகப்போக ஆழமாகும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆன நாங்கள் ஒரு மின்வெட்டு இரவில் விளையாட்டாக ஆரம்பித்தோம். எல்லாவற்றுக்கும் அவர் பதிலை நானே சொல்லிவிடுவேன் என்று பந்தயம் வேறு.

மூன்றாவது கேள்வி: தொலைபேசியில் பேசுவதற்கு முன்னால் சொல்லப்போவதை ஒத்திகை பார்ப்பதுண்டா? நான் சிரித்தேன். இவரா? ஊரில் உள்ள அத்தனை பேருடனும் மணிக்கணக்கில் பேசுகிறவர் ஆயிற்றே. அவர் சிரிக்கவில்லை. "எழுதிவெச்சுக்குவேன்" என்றார். எதில்? மேசை இழுப்பறையில் இருக்கும் துண்டுச் சீட்டுகளில். பாதிக் கணக்கும் பாதிக் கிறுக்கலுமாக இருக்கிறதே என்று நான் பலமுறை குப்பையில் போட்ட அதே சீட்டுகள். கல்யாணத்துக்கு முன்னால் என்னுடன் பேசும்போதுமா என்று கேட்டேன். "அதுக்கு ஒரு முழு நோட்டே இருந்துச்சு."

நான்காவது கேள்விக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.

*

புத்தகம் படிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1865இல் கார்ல் மார்க்ஸின் மகள்கள் வீட்டில் இதே விளையாட்டை விளையாடினார்கள். அவர் பதில்களும் கிடைத்திருக்கின்றன. பிடித்த நிறம் சிவப்பு (பின்னே?). பிடித்த வேலை, புத்தகப் புழுவாக இருப்பது. ஆக, கடிகாரக்காரரே, நீங்கள் தனியாள் இல்லை. ஆனால் பிடித்த நாயகர்கள் என்ற இடத்தில் ரோமில் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்த ஸ்பார்ட்டகஸோடு கெப்ளர் பெயரையும் சொல்லியிருக்கிறார். ஸ்பார்ட்டகஸை யாரும் யூகித்துவிடலாம். கோள்களின் பாதையைக் கணக்குப் போட்டவர் எப்படி உள்ளே வந்தார்? அருகில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

*

ஆரம்பித்தவன் வந்துவிட்டேன். மிச்சத்தைச் சொல்லவேண்டும்.

அந்தக் கடிகாரத்தில் எதுவும் உடைந்திருக்கவில்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகி, சக்கரங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, அவ்வளவுதான். ஆனால் பின்மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறியதுபோலச் சின்னச் சின்ன எழுத்து. பழுது பார்ப்பவர்கள் தங்களுக்காகக் கீறிவைக்கும் அடையாளம் அது. மூன்று தேதிகள். கடைசியானது 1974. பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். பேசவே பேசாத மனிதர் அரைமணிநேரம் பேசினார். "எழுபத்தி நாலுலதான் தாத்தா வேலையிலேர்ந்து நின்னார். அதுக்கப்புறம் அவருக்கு மணி பார்க்கற அவசியமே இல்லாமப் போச்சு போல" என்றார். இப்போது மதிய இடைவேளையில் நாங்கள் இரண்டு பேராகத் திறந்து பார்க்கிறோம்.

போன வாரம் இன்னொருவர் புதிதாகச் சேர்ந்தார். மறுபடி வட்டம், மறுபடி தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பர் பொழுதுபோக்கு என்ற இடத்தில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது.