பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போக ஓர் இடம் சொல்லுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே எங்கள் ஊரில், மகன், மகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் முதியவர்கள் 11 பேர். பேச்சுத்துணைக்காகப் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு முறை வேனில் அழைத்துப்போனோம். பேச்சு ஒட்டவே இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனையில் செங்குத்தான மரப்படிகள். முழங்கால் வலியால் பாதிப்பேர் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரம் தலைசுற்ற வைத்தது. பிள்ளைகள் மறுமுனைக்கு ஓடிவிட்டார்கள். ஜோடி சேர்த்து உட்கார வைத்தும் பெயரும் வகுப்பும் கேட்டதோடு சரி.

வேனுக்குக் காத்திருந்தபோது மட்டும், ஒரு பாட்டி கீழே கிடந்த பனையோலையைக் கிழித்துக் காற்றாடி செய்தார். ஏழாம் வகுப்புச் சிறுமி அவரை ஒட்டி உட்கார்ந்து, காற்றாடி சுழல நடுவில் முள் குத்தும் விதத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பாட்டி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

படியேறாமல், நிழலில் உட்கார்ந்து இரு தலைமுறையும் சேர்ந்து கைவேலை செய்யும்படியான இடம், தக்கலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எங்கே இருக்கிறது?