கலைச்சொல் வேண்டும்: பொக்லைன் இறக்க நிலம் ஏற்றதா?

நண்பர்களே,
சீமைக்கருவேலம் அகற்றுவது பற்றி உழவர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எந்திரம் கொண்டுவருமுன் சரிவு, மண்ணின் ஈரம், பாறை, தண்டின் பருமன், பக்கத்தில் ஓடை உண்டா என்றெல்லாம் பார்ப்பார்களே, அதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். 'எந்திரவழிப் புதர்மர நீக்க நிலத்தகவு மதிப்பீடு' என்று போட்டேன். பதிப்பாசிரியருக்கு மூச்சு வாங்குகிறதாம்.

> சொல் ஏன் தேட வேண்டும்? 'காடு கொன்று நாடாக்கி' என்கிறது பட்டினப்பாலை. வள்ளுவரும் 'இளைதாக முள்மரம் கொல்க' என்கிறார். 'காடுகொல் தகவு' என்க. அதே குறளில் 'காழ்த்த இடத்து' என்று வருகிறது. காழ் என்றால் வயிரம், மரத்தின் கெட்டியான உட்பகுதி. தண்டின் முதிர்ச்சிக்குக் 'காழ்ப்பளவு' எனலாம்.

புலவர் ஐயா, காழ்ப்பு இன்றைக்கு மரத்தில் இல்லை, மனிதரிடம்தான் இருக்கிறது. 'காடுகொல்' என்று அட்டையில் போட்டால் வனத்துறை கேள்வி கேட்கும்.

> 'நிலத் திருத்தம்' எளிதல்லவா? காடு திருத்திக் கழனி ஆக்கினார்கள் என்றுதானே சொல்கிறோம்?

தாலுகா ஆபீஸில் போய்ச் சொல்லிப் பாருங்கள், பட்டாவில் பெயர் திருத்த மனு கேட்பார்கள்.

> இராமநாதபுரத்துக்காரன் ஒன்று சொல்கிறேன். இதில் இரண்டு வேலை கலந்திருக்கிறது. பொக்லைன் தூரோடு பிடுங்கும். நறுக்கும் எந்திரம் தரைமட்டத்தில் தூளாக்கும். கருவேலத்தைத் தரையோடு நறுக்கினால் மழைக்குப் பின் தூரிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். பிடுங்கினாலோ வரப்பும் சேர்ந்து பெயரும், புதைந்துகிடந்த விதையும் முளைக்கும். ஈரக் கரிசலில் எந்த வண்டியும் புதையும். ஆகவே 'களைதல்' என்றும் போடமுடியாது, 'நறுக்கல்' என்றும் போடமுடியாது. 'நீக்கம்' இரண்டையும் தாங்கும். எங்கள் பக்கம் டிரைவர் கேட்பது ஒன்றே: "வண்டி இறங்குமா?"

> வண்டி பேச்சு வழக்கு. இறங்குதலுக்குப் பழைய சொல் 'இழிதல்'. 'ஊர்தி இழிதகவு' எனலாம்.

நிலத்தைத் திட்டுவதுபோல் இருக்கிறது ஐயா.

சரி, நேரமில்லை. 'நீக்கம்', 'தகவு' இரண்டையும் சேர்த்த 'புதர்நீக்கத் தகவாய்வு' என்பதற்கே பலரும் தலையாட்டியிருக்கிறீர்கள். உள்ளே 'வண்டி இறங்குமா?' என்பதைத் துணைத்தலைப்பாக வைக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

> நான் தலையாட்டவில்லை. 'தக்கார் தகவிலர்' என்ற குறளில் தகவு நடுவுநிலைமை. நிலத்துக்கு ஏது நடுவுநிலைமை? அப்புறம், புதர் இருக்கிறது, மரம் எங்கே போயிற்று?