‘தமிழையா வீடு’ குழுவில் கண்ணனின் வண்டி

கண்ணன், காலை 7.10
எல்லோருக்கும் வணக்கம். காதுகுத்தன்று மண்டப வாசலில் காணாமல் போன ஸ்கூட்டர் இன்னும் கிடைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு நேற்றுத் தொலைபேசியில் தெரிவித்தேன். 48 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும், 12 நாள் கழித்துச் சொன்னால் பணம் கிடைக்காது என்று மறுமுனையில் பேசியவர் கூறிவிட்டார்.

மீனாட்சி அத்தை, 7.14
நேற்றுத்தான் சொன்னாயா?

பிரபு, 7.15
12 நாளாக என்ன செய்துகொண்டிருந்தாய், மச்சான்?

கண்ணன், 7.19
காவல் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலையிலேயே மனு கொடுத்தேன். முதலில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். ஆறாம் நாள்தான் பதிவானது.

சுந்தரம் சித்தப்பா, 7.48
கண்ணா, தொலைபேசியில் ஒருவர் வாயால் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதே. மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் தரும்படி கேள். நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த நாளில் இப்படிப்பட்ட வழக்குக் கட்டுகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. குர்ஷிந்தர் சிங் வழக்கு என்று ஒன்று உண்டு. 2010 அக்டோபரில் அவருடைய டிராக்டர் திருடு போனது, அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். பதிவானது, ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் 52 நாள் கழித்தே தெரிவித்தார். அந்தத் தாமதத்தைக் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்ததை, உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் ஏற்கவில்லை. திருட்டுப் போன வண்டியைத் தேடிப் பிடிப்பது காவல் துறையின் வேலை, காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வந்து பார்ப்பதெல்லாம் திருட்டு உண்மையா என்பதை மட்டும்தான், ஆகவே காவல் துறைக்கு உடனே சொன்னவரை இந்த ஒரு காரணத்துக்காக வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதே அதன் சாரம். 2022-இல் வந்த ஒரு லாரி வழக்கில் ஏறக்குறைய ஐந்து மாதத் தாமதத்தையும் நீதிமன்றம் பொறுத்துக்கொண்டது. அங்கேயும் மறுநாளே எஃப்.ஐ.ஆர். போடப்பட்டிருந்தது. உன் எஃப்.ஐ.ஆர். ஆறாம் நாள் என்பதால், நீ மறுநாளே போனதற்கு அந்த சி.எஸ்.ஆர். ரசீதுதான் சாட்சி. அதைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிடாதே.

ராஜா (திருப்பூர்), 7.55
சித்தப்பா, பணம் வருமா, வராதா?

சுந்தரம் சித்தப்பா, 7.58
வரும் என்று நான் எங்கே சொன்னேன்? தாமதம் ஒன்றையே காரணமாக்கி மறுக்க முடியாது என்றுதான் சொன்னேன். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். அவை எங்கே?

மீனாட்சி அத்தை, 8.06
ஒன்று சாமி அறையில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நானே பார்த்தேன். வேல் கோத்த சாவி எங்கே, கண்ணா?

கௌரி, 8.21
அவன் சொல்ல மாட்டான், நானே சொல்கிறேன். ஈரம் சொட்டச் சொட்ட வாழையிலைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பந்தி தொடங்கிவிட்டது என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். சாவி வண்டியிலேயே தொங்கியது. எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நான் அவன் பின்னால் போனேன். திரும்பி வருவதற்குள் வண்டி இல்லை.

பிரபு, 8.22
வீட்டுக் கதவிலும் சாவியைத் தொங்கவிட்டுத் தூங்குகிறவன்தானே.

ராஜா (திருப்பூர்), 8.25
அதையெல்லாம் எழுத வேண்டாம். ஒரு சாவி முன்பே தொலைந்துவிட்டது என்று எழுது, போதும்.

சுந்தரம் சித்தப்பா, 8.51
ராஜா, அந்த வேலை வேண்டவே வேண்டாம். காவல் நிலையத்தில் கொடுத்த மனுவில் ஒன்றும் கோரிக்கைப் படிவத்தில் வேறொன்றும் இருந்தால், கிடைக்க வேண்டிய பணமும் போய்விடும். சாவியை விட்டுப் போனது கவனக்குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் சாவியை லாரியிலேயே விட்டுவிட்டு வழி கேட்கப் போன நேரத்தில் லாரி திருடு போன வழக்கில், 2023-இல் உச்ச நீதிமன்றம் முழுத் தொகையையும் மறுக்காமல் 75 சதவீதம் தரச் சொல்லியிருக்கிறது. நம் பாலிசியில் வண்டிக்கு விதித்திருக்கும் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 63,000 ரூபாய். அந்தக் கணக்குப்படி 47,250 ரூபாய் கேட்க வழியிருக்கிறது. பொய் எழுதினால் அதுவும் இல்லை. கண்ணா, மனுவில் சாவியைப் பற்றி என்ன எழுதினாய்?

கண்ணன், 8.53
ஒன்றும் எழுதவில்லை, சித்தப்பா.

பிரபு, 8.57
மாமா, என் வண்டிக்கு வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது. எனக்குக் கவலை இல்லைதானே?

சுந்தரம் சித்தப்பா, 9.05
உனக்குத்தான் கவலை வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஐந்து ஆண்டு என்பது, நீ இடித்துவிட்ட மற்றவருக்கான தேர்டு பார்ட்டி காப்பீடு. திருட்டுக்கு அதில் ஒரு காசும் வராது. சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஓராண்டுக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பலரும் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தாளைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு.

மீனாட்சி அத்தை, 9.12
பணம் வந்தால் யார் கைக்கு வரும்?

சுந்தரம் சித்தப்பா, 9.16
ஆர்.சி.யும் பாலிசியும் ராஜா பெயரில் இருப்பதால் ராஜாவின் கணக்குக்குத்தான் வரும். கோரிக்கைப் படிவத்திலும் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கௌரி, 9.17
கடைசி எட்டுத் தவணையைக் கண்ணன் கட்டினான்.

ராஜா (திருப்பூர்), 9.20
முன்பணமும் மற்றத் தவணைகளும் நான் கட்டியவை. அதை யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கண்ணன், 9.21
நான் பணம் கேட்கவே இல்லை, அண்ணா. கையெழுத்துத்தான் கேட்கிறேன்.

சுந்தரம் சித்தப்பா, 9.40
உங்கள் கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இன்றே மின்னஞ்சலில் முறைப்படி தெரிவியுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல் துறை தரும் நான்-டிரேசபிள் சான்றிதழுக்குச் சில மாதங்கள் ஆகலாம், அதற்காகக் கோரிக்கையை நிறுத்தி வைக்காதீர்கள். நிறுவனம் எழுத்தில் மறுத்தால், முதலில் அவர்களிடமே முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அல்லது பதில் திருப்தி தராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

மீனாட்சி அத்தை, 9.44
ராஜா, எப்போது வருகிறாய்?

ராஜா (திருப்பூர்), 10.32
இந்த வாரம் ஆர்டர் அனுப்ப வேண்டியிருக்கிறது. படிவத்தைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

கௌரி, 10.33
படிவம் யாரிடம் இருக்கிறது?

கண்ணன், 10.41
வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒன்று வைத்திருந்தேன். புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.