மதிப்பு இல்லாமல் பயன்பாட்டுக்கு வரும் மாறி: என்ன சொல்லலாம்?

காட்பாடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஃபோர்ட்ரான் நிரல்மொழிக்கான செய்முறைத் தாளைத் தமிழில் தருகிறோம், திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மாணவர்கள் வேண்டுமென்றே பிழையான நிரல் எழுதி, கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) எதைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்பதுதான் பயிற்சி. சப்ரூட்டீனுக்கு (அழைத்து இயக்கும் துணைநிரலுக்கு) வெளியிலிருந்து வரும் ஆர்க்யுமென்டுக்கு அறிவிப்பிலேயே தொடக்க மதிப்புக் கொடுத்தால் கம்பைலர் மறுக்க வேண்டும். ஃபங்ஷனின் விடையைத் தாங்கும் மாறிக்கும் (மாறி என்பது மதிப்பு வைக்கும் பெயரிட்ட நினைவிடம்) அப்படியே. தொடக்க மதிப்பாக மாறிலி அல்லாத கோவையைத் தந்தாலும் பிழைதான். இவற்றில் சிக்கலில்லை.

எந்த மதிப்பும் தராத மாறியை எடுத்துக் கூட்டினால்? தரநிலைப்படி அதுவும் தவறுதான், ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் கடமை கம்பைலருக்கு இல்லை. ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலர் தானாக ஒன்றும் சொல்லாது, எச்சரிக்கைகளைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த மாறிக்கு ஒரு சின்னப் பெயர் வேண்டும். 'தொடக்க மதிப்பு அளிக்கப்படாத மாறி' என்று வரிக்கு வரி எழுத முடியவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

முதலிடா மாறி. 'அகர முதல எழுத்தெல்லாம்' என்றபோதே தொடக்கத்துக்குச் சொல் கிடைத்துவிட்டது. முதல் என்பது தொடக்கம் மட்டுமன்று, அடி, காரணம், சினைக்கு எதிரான முழுமை எல்லாம் அதுவே. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மாறிக்கு நினைவகத்தில் இருக்கும் இடம் நிலம், மதிப்பு வந்து அமரும் கணம் பொழுது. இரண்டும் கூடினால்தான் முதல். இத்தனை பொருத்தமாக வேறு சொல் அமையாது. தாளில் கம்பைலர், ஆர்க்யுமென்ட் என்று எழுதுவதையும் நிறுத்துங்கள், நிரல்பெயர்ப்பி என்று சொல் இருக்கிறது.

ஆம்பூரிலிருந்து:

ஐயா, எங்கள் ஊரில் முதல் போடுவது என்றால் தோல் வியாபாரத்தில் பணம் போடுவது. வள்ளுவரே 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்று 449ஆம் குறளில் அந்தப் பொருளில்தான் ஆள்கிறார். முதலீடு என்ற சொல் ஊர் முழுக்கப் பரவிய பிறகு இதைப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? 'துவக்கா மாறி' என்று வையுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

தொடு, தொடர், தொடங்கு என்று வருவது. அதைத் துவக்கு ஆக்கியது யார்? ஈழத்தவரிடம் துவக்கு என்றால் துப்பாக்கி. அவர்களும் இந்தத் தாளைப் படிக்கலாம்.

ஆரணியிலிருந்து:

சரி, 'வெறுமாறி' போதுமே. நாலெழுத்து, யாருக்கும் புரியும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

புரியும், தவறாகப் புரியும். அந்த மாறி வெறுமையாக இருப்பதில்லை. முன்பு அந்த நினைவிடத்தில் என்ன கிடந்ததோ அதுதான் இருக்கும். பாலாறு மேலே காய்ந்த மணல்தான், தோண்டினால் ஊற்று வரும். சில சமயம் பூச்சியம் கிடக்கும், நிரல் சரியாக ஓடுவதாகவே தோன்றும், வேறு கணினியில் கெட்டுப்போகும். இதை மாணவருக்குக் காட்டத்தான் மெய்யெண் மாறிகளில் எல்லாம் எண்ணல்லா மதிப்பை (NaN, 'இது எண் அல்ல' என்று காட்டும் குறி) முன்கூட்டியே நிரப்பி, அதைத் தொட்டதும் நிரல் நிற்கும்படி ஜிஃபோர்ட்ரானில் அமைக்கிறோம். வெறுமை என்று பெயர் வைத்துவிட்டு இந்தச் சோதனையை எப்படி விளக்குவது? 'மதிப்பேறா மாறி' என்கிறேன். ஓயா உழைப்பு, பூவா மரம் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

ஆரணியிலிருந்து:

எங்கள் ஊரில் மதிப்பு ஏறவில்லை என்றால் பட்டுக்கு விலை கூடவில்லை என்று பொருள். ஆம்பூர்க்காரர் முதலுக்குச் சொன்ன குறைதான் இதற்கும்.

காட்பாடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. எழுத எழுத எனக்கு ஒன்று தெளிவானது: பெயரில் தொடக்கம், முதல், துவக்கம் எதுவும் வரக் கூடாது. ஃபோர்ட்ரானில் தொடக்க மதிப்பு என்பது தனிச் சங்கதி. சப்ரூட்டீனுக்குள் ஒரு மாறியை அறிவிக்கும்போதே பூச்சியம் கொடுத்தால், அந்தப் பூச்சியம் ஒரே தடவைதான். மாறி தன் மதிப்பைக் காத்து வைத்துக்கொள்ளும். அடுத்த அழைப்பில் முந்தைய கூட்டுத்தொகையோடு வந்து நிற்கும். சி மொழியில் பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் பூச்சியம் வேண்டுமென்றால் கீழே தனி வரியில் மதிப்பிருத்த வேண்டும். அப்படிச் செய்த மாறிக்குத் தொடக்க மதிப்பு கிடையாது, ஆனால் அதில் பிழையும் இல்லை. அதைத் 'தொடக்கமிலா மாறி' என்று சொல்லி மாணவரைப் பயமுறுத்தினால், அவர்கள் அறிவிப்பிலேயே பூச்சியம் போட்டு வேறொரு பிழைக்குள் போய் விழுவார்கள். அறிவிப்பிலும் சரி, பிறகும் சரி, எந்த வழியிலும் மதிப்பு வந்து சேராமல் பயன்பாட்டுக்கு வருவதுதான் நாம் பெயரிட வேண்டியது. 'மதிப்பு பெறா மாறி' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். கம்பைலர் கம்பைலராகவே இருக்கட்டும்.

ஆம்பூரிலிருந்து:

ஏற்கிறேன். துவக்கை விட்டுவிடுகிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஏறா நன்றாக இருந்தது. பரவாயில்லை, இதுவும் தப்பில்லை.

குடியாத்தத்திலிருந்து:

நான் உடன்படவில்லை. பெறுதல் கொடுப்பவரை வேண்டும், முதல் தன்னிலேயே நிற்கும் சொல். அச்சிடுவதென்று முடிவாகிவிட்டால் 'மதிப்புப் பெறா' என்று ஒற்று மிகுத்து அச்சிடுங்கள். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வலி மிகும்.