பழைய டிஃப், பிசிஎக்ஸ் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்தின் புள்ளிகள் அழிகின்றன

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தின் கூலிப் பதிவேடுகளையும் நில வரைபடங்களையும் என் தந்தையார் 1990களின் இறுதியில் சேலத்தில் கொடுத்து ஸ்கேன் செய்து, குறுந்தகடுகளில் பதிந்து வைத்தார். மலை ஈரத்தில் மூலத் தாள்கள் பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டதால், இன்று எஞ்சியிருப்பவை அந்தக் கோப்புகள் மட்டுமே. பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை டிஃப் (TIFF); சில பிசிஎக்ஸ் (PCX). இரண்டும் படக்கோப்பு வகைகள். கைப்பேசியிலும் திறக்க வேண்டும் என்பதற்காக இணையத்தில் கிடைத்த ஓர் இலவச மாற்றியில் ஏற்றிப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றிச் சாம்பல் கறை படர்ந்து, 'பற்று' என்று தந்தையார் எழுதியது 'பறறு' என்று தெரிகிறது. சில பக்கங்கள் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக மாறிவிட்டன; சில சுவரொட்டி அளவுக்கு விரிகின்றன. பிழை கோப்பிலா, மாற்றும் முறையிலா?

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:

ஐயா, பிழை முறையில்தான். கோப்புகள் நன்றாக இருப்பதாகவே தெரிகிறது. அந்த மாற்றி உங்கள் படத்தை ஜேபெக் (JPEG) என்னும் படவகையாக மறுபடி சுருக்கியிருக்கிறது. ஜேபெக் புகைப்படங்களுக்காக அமைந்தது. படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்து, கூர்மையான விளிம்புகளைத் தோராயப்படுத்திவிடும் என்பதால், மெய்யெழுத்தின் சிறு புள்ளிதான் முதலில் பலியாகும். தமிழ்ப் பதிவேட்டுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

அக்காலக் கறுப்பு வெள்ளை டிஃப் கோப்புகளில் பல, தொலைநகலுக்காக 1984இல் வகுக்கப்பட்ட குரூப் 4 முறையில் சுருக்கப்பட்டவை. அதே சுருக்கத்தைப் பிடிஎஃப் அப்படியே ஏற்கும். ஆகவே படத்தைத் தொடாமல் உறை மட்டும் மாற்றினால் போதும். ஐஎம்ஜி2பிடிஎஃப் (img2pdf) என்னும் இலவசக் கருவி இதைச் செய்கிறது. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் (பிக்சல்) என்ற அளவில், ஏ4 பக்கம் ஒன்றில் 2480×3508, அதாவது சுமார் 87 இலட்சம் படப்புள்ளிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றுகூட மாறாது. பிசிஎக்ஸின் சுருக்கம் பிடிஎஃபுக்குள் அப்படியே செல்லாது. அவற்றை முதலில் பிஎன்ஜி (PNG) என்னும் படவகையாக ஆக்கிக்கொள்ளுங்கள், அதில் இழப்பு எதுவும் இல்லை. கூலியாட்களின் பெயரும் கணக்கும் உள்ள பதிவேட்டை அறியாத தளங்களில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்:

மற்ற இரண்டு குறைகளுக்கும் காரணம் டிஃப் கோப்பின் தலைப்புப் பகுதியில் (header) படத்தைப் பற்றிப் பதிந்துள்ள குறிப்புகள். பூச்சியம் என்பது வெள்ளையா கறுப்பா என்று அங்கே ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படிக்காத மென்பொருள் படத்தைத் தலைகீழ் நிறத்தில் காட்டும். எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில் நிறம் மாற்றிவிடாதீர்கள், சரியாக இருப்பவை கெட்டுவிடும். டிபிஐ குறிப்பு இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் 72 என்று வைத்துக்கொள்ளும். அப்போது 2480 படப்புள்ளி அகலம் 34 அங்குலத் தாளாகிவிடும். மாற்றும்போதே தாள் அளவு ஏ4 என்று குறிப்பிட்டால் இது தீரும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே டிஃபில் பல பக்கங்கள் இருக்கலாம், ஆனால் சில நிரல்கள் முதல் பக்கத்தை மட்டும் காட்டும். மாற்றியபின் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். குறுந்தகடுகள் நாளானால் படிக்காமல் போகும் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்பு மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் வந்த பிறகும் அவற்றை அழிக்காதீர்கள்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரதி எடுத்துவிட்டு, நேற்றிரவு ஒரு குறுந்தகட்டை மட்டும் மாற்றினேன். 'பற்று' என்பதன் புள்ளி பேனா அழுத்தத்துடன் துல்லியமாக நிற்கிறது. கோப்பின் அளவும் ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது. பக்கங்களை எண்ணச் சொன்னது நல்லதாயிற்று. ஒரே பக்கம் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்த ஒரு டிஃபுக்குள் காப்பி பறிப்புக் கணக்கின் 12 பக்கங்கள் இருந்தன. கடைசிப் பக்கத்தில் தந்தையாரின் கையெழுத்தும் இருக்கிறது.